நேரத்தையும் தூரத்தையும் கூட்டிய போட்டி

ஒருவர் பனியில் 18 கிலோமீட்டர் தூரத்தை 1 மணி 14 நிமிடம் 31 விநாடியில் சறுக்கிக் கடக்கிறார். இரண்டு நாள் கழித்து அதே மனிதர் மலைச்சரிவில் கட்டிய தளத்திலிருந்து எகிறி, சுமார் 40 மீட்டர் அந்தரத்தில் பறந்து தரையிறங்குகிறார். முதலாவதை நேரத்தால் அளந்தார்கள், இரண்டாவதைத் தூரத்தாலும் அழகாலும். இவற்றைக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்ல முடியுமா? 1924 பிப்ரவரியில் பிரான்ஸின் ஷமோனி நகரில் கூடிய நடுவர்கள் சொன்னார்கள்: 18.906.

அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஹௌக். போட்டியின் பெயர் நார்டிக் கம்பைன்ட். நெடுந்தூரப் பனிச்சறுக்கையும் ஸ்கீ தாண்டலையும் ஒரே ஆள் செய்து காட்ட வேண்டும், இரண்டிலும் சேர்த்து யார் சிறந்தவர் என்று பார்ப்பார்கள். குளிர்கால ஒலிம்பிக்கின் முதல் ஆண்டிலிருந்தே இருக்கும் ஆட்டம் இது. உடலியலும் இயற்பியலும் கணக்கும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் விளையாட்டு வேறொன்று கிடைப்பது கடினம்.

ஷமோனியில் அப்போது நடந்ததை அதிகாரப்பூர்வமாக ஒலிம்பிக் என்று அழைக்கவில்லை. மோன் பிளாங்க் சிகரத்தின் அடிவாரத்தில் ஜனவரி 25 முதல் பிப்ரவரி 5 வரை நடந்த அந்த விழாவுக்கு வைத்த பெயர் 'சர்வதேசக் குளிர்கால விளையாட்டு வாரம்'. அதையே முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு அறிவித்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் ஆரம்பத்தில் இதில் விருப்பமில்லை. ஸ்வீடனில் 1901 முதல் நார்டிக் விளையாட்டுகள் நடந்து வந்தன. நார்வேயின் தலைநகரை ஒட்டிய ஹோல்மென்கோலன் குன்றில் 1892 முதல் பனிச்சறுக்குத் திருவிழா இருந்தது. பனி எங்கள் வீட்டுச் சொத்து, ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போவதா என்ற ஆதங்கம் அவர்களுக்கு.

அந்த ஆதங்கத்தில் நியாயம் உண்டு. நார்வேயின் டெலமார்க் பகுதியில் மொர்கெடால் என்ற சிற்றூர். அங்கே குடியானவர் சோன்ட்ரே நோர்ஹைம், மெல்லிய மரக்கிளைகளை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, பாதம் பலகையை விட்டு விலகாதபடி செய்தார். அதுவரை விரல் பகுதியில் மட்டும் வார் போட்டுக்கொண்டு போனவர்களால் வளைந்து திரும்பவும் முடியாது, தாண்டவும் முடியாது. 1868-இல் நாற்பது வயதைக் கடந்த நிலையில் நோர்ஹைம் தலைநகருக்கு வந்து போட்டியில் வென்றபோது நகரத்தார் அசந்துபோனார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த நார்வேப் பண்பாட்டில் நல்ல சறுக்காளர் என்றால் ஏறவும் இறங்கவும் தாண்டவும் நெடுந்தொலைவு போகவும் தெரிந்தவர் என்றே பொருள். ஒன்று மட்டும் தெரிந்தவரை முழுமையானவராக அவர்கள் எண்ணவில்லை. ஹோல்மென்கோலனில் முதன்மைப் பரிசு இரண்டிலும் சேர்த்து வென்றவருக்கே போனது. ஷமோனிக்கு வந்த நார்டிக் கம்பைன்ட் இந்த எண்ணத்தின் குழந்தை.

பிப்ரவரி 2 அன்று 18 கிலோமீட்டர் ஓட்டம். அதே நாளில் ஷமோனியில் 14 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஓட்டத்தில் ஒரு சிக்கனமும் இருந்தது: தனி 18 கிலோமீட்டர் பந்தயமும் கம்பைன்ட் போட்டியின் முதல் பகுதியும் ஒன்றேதான். நெடுந்தூரத்துக்கென்றே பழகியவர்களோடு கம்பைன்ட் வீரர்களும் சேர்ந்து ஓடினார்கள். தங்கமும் வெள்ளியும் பெற்றவர்கள் ஹௌக்கும் அவருடைய நாட்டவர் யோஹான் க்ரோட்டும்ஸ்ப்ரோட்டனும். இருவரும் கம்பைன்ட் வீரர்கள். அந்தக் காலத்தில் எல்லாம் தெரிந்தவர், ஒன்றே தெரிந்தவரை அவருடைய சொந்தக் களத்திலேயே முந்த முடிந்தது. இன்று அப்படி நடக்க வாய்ப்பில்லை.

ஹௌக் அந்த ஓட்டத்துக்குப் புத்துணர்ச்சியோடு வந்தவரும் அல்ல. மூன்று நாள் முன்பு, ஜனவரி 30 அன்று, 50 கிலோமீட்டர் பந்தயத்தை 3 மணி 44 நிமிடம் 32 விநாடியில் முடித்து தங்கம் வென்றிருந்தார். மரப்பலகை, தோல் காலணி, மூங்கில் ஊன்றுகோல், இவற்றோடு மணிக்கு 13 கிலோமீட்டருக்கும் மேலான சராசரி வேகம். தசைகளில் சேமித்த சர்க்கரை இப்படிப்பட்ட உழைப்பில் ஏறக்குறைய வற்றிவிடும். அது முழுதாக நிரம்ப ஓரிரு நாள் ஓய்வும் நிறைய மாவுச்சத்தும் தேவை. 18 கிலோமீட்டரில் அவருடைய சராசரி மணிக்கு 14.5 கிலோமீட்டர்.

பனியில் பலகை ஏன் வழுக்குகிறது என்பதே அன்று தெளிவாகத் தெரியாது. 1939-இல்தான் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலைக் கணவாயில் சோதனைகள் செய்து ஒரு விளக்கம் தந்தார்கள். உராய்வின் வெப்பத்தில் பனியின் மேற்பரப்பு மிக மெல்லியதாக உருகுகிறது, அந்த நீர்ப்படலத்தின் மேல் பலகை சறுக்குகிறது. கடுங்குளிரில் பனி மணலைப் போல இழுப்பது ஏன் என்பதும் இதனால் புரிந்தது: அங்கே உருகல் போதாது.

ஆனால் நெடுந்தூரச் சறுக்காளருக்கு வழுக்கினால் மட்டும் போதாது. மேடேற வேண்டுமானால் பலகை பனியைப் பற்றிக்கொள்ள வேண்டும். காலை ஊன்றி உந்தும் கணத்தில் பலகையின் நடுப்பகுதி கீழே அழுந்தி, அங்கே பூசிய மெழுகுக்குள் பனித்துகள்களின் முனைகள் குத்தி நிற்கும். உந்தி முடித்து எடை குறைந்ததும் பிடி விட்டுப் பலகை மீண்டும் சறுக்கும். மெழுகு மிகவும் மிருதுவாக இருந்தால் பனி அப்பிக்கொண்டு விடாது. மிகவும் கெட்டியாக இருந்தால் பிடிக்கவே பிடிக்காது. பனியின் வெப்பநிலையைப் பார்த்து மெழுகைத் தேர்ந்தெடுப்பதில் பந்தயம் பாதி முடிந்துவிடும். ஈரமான, உருகி மீண்டும் உறைந்த பனிக்கென்று பிசுபிசுப்பான ஒரு கலவைக்கு நார்வேயின் பீட்டர் ஓஸ்ட்பி 1913-இல் காப்புரிமை பெற்றார். 'க்ளிஸ்டர்' என்ற அந்த வகை மெழுகு இன்றும் கடைகளில் விற்கிறது.

பிப்ரவரி 4 அன்று தாண்டல். இங்கேதான் உடல் எதிர்த்திசையில் இழுக்கப்படுகிறது.

நெடுந்தூர ஓட்டம் இதயமும் நுரையீரலும் மெதுவாகச் சுருங்கும் தசை நார்களும் செய்யும் வேலை. உலகத்தரமான நெடுந்தூரச் சறுக்காளர் உச்ச உழைப்பில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்சிஜனைப் பயன்படுத்துவார். மனிதர்களில் அளந்த மிக உயர்ந்த அளவுகளில் அது சேரும். தாண்டுபவருக்கு இது பெரிதாக உதவாது. தளத்தின் விளிம்பில் அவர் எழும்புவதற்குக் கிடைப்பது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அதற்குள் முழங்காலும் இடுப்பும் வெடித்து நிமிர வேண்டும். அது வேகமாகச் சுருங்கும் நார்களின் வேலை.

இரண்டையும் ஒரே உடலில் வளர்த்தால் ஒன்று மற்றொன்றைத் தின்கிறதா? ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைக் கேட்டது. ஒரு குழு வலிமைப் பயிற்சி மட்டும், இன்னொரு குழு தாங்குதிறன் பயிற்சி மட்டும், மூன்றாவது குழு இரண்டும், பத்து வாரம். இரண்டையும் செய்தவர்களின் தாங்குதிறன் நன்றாகவே உயர்ந்தது. வலிமையோ சில வாரம் ஏறி, பிறகு நின்று, கடைசி வாரங்களில் இறங்கவும் செய்தது. நார்டிக் கம்பைன்ட் பயிற்சியாளர்கள் இன்றுவரை இந்தக் கயிற்றின் மேல்தான் நடக்கிறார்கள். ஓடினால் தாண்டல் மங்கும். தாண்டலுக்காக உடலை இளைக்க வைத்தால் ஓடத் தெம்பிருக்காது.

தாண்டலைப் பார்க்கும் எவருக்கும் எழும் முதல் கேள்வி: இவர்களுக்குக் கால் ஏன் ஒடிவதில்லை? 20 மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழுகிறவர் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவார். பிழைப்பது அரிது. தாண்டுபவரும் அவ்வளவு உயரம் கீழே வருகிறார், ஆனால் அவர் இறங்கும் சரிவு அவருடைய பறத்தல் பாதையோடு கிட்டத்தட்ட இணையாகவே சாய்ந்து போகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் ஒருவர் சரிவை 10 பாகைக் கோணத்தில் தொட்டால், பனியை நோக்கிய வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர்தான். முக்கால் மீட்டர் உயரத் திண்ணையிலிருந்து குதிக்கும் அளவு அதிர்ச்சி. மீதி வேகம் முழுவதும் சரிவின் வழியே ஓடிவிடும். அதனால்தான் குட்டையாகத் தாண்டுவதைவிட மிக நீளமாகத் தாண்டுவது ஆபத்து: சரிவு முடிந்து தரை சமமாகத் தொடங்கும் இடத்தில் போய் விழுந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

1924-இல் தாண்டியவர்கள் இன்று போலப் பலகைகளை 'வி' வடிவில் விரிக்கவில்லை. இணையாக வைத்து, இடுப்பில் வளைந்து, கைகளை முன்னால் நீட்டிப் பறந்தார்கள். இந்தப் பாணியை உருவாக்கியவர்களில் ஒருவரான யாகோப் டுலின் தாம்ஸ் ஷமோனியில் தனித் தாண்டலில் தங்கம் வென்றார். அவரே 1936-இல் பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக் வெள்ளியும் பெற்றார். காற்று தாண்டுபவரைத் தூக்கவும் செய்யும் என்பதைச் சுவிஸ் பொறியாளர் ரைன்ஹார்ட் ஸ்ட்ராவ்மன் காற்றுச் சுரங்கத்தில் அளந்து காட்டியது ஷமோனிக்குச் சில ஆண்டுகள் கழித்து.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓட்டத்தில் முதலில் வந்தவருக்கு 20 புள்ளி. பின்தங்கியவர்களுக்கு அவர்கள் இழந்த நேரத்துக்கேற்பக் குறையும். தாண்டலில் தூரத்துக்கும் தோரணைக்கும் சேர்த்து அதிகபட்சம் 20. இரண்டின் சராசரியே இறுதிப் புள்ளி. ஹௌக் ஓட்டத்தில் முதலிடம் என்பதால் 20 முழுசாகக் கிடைத்தது. சராசரி 18.906 என்றால் தாண்டலில் அவர் பெற்றது 17.81 அளவு என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாம் இடம் தோரால்ஃப் ஸ்ட்ரோம்ஸ்டாட், மூன்றாமிடம் க்ரோட்டும்ஸ்ப்ரோட்டன், நான்காவது ஹரால்ட் ஓக்கர்ன். நால்வரும் நார்வேக்காரர்கள். ஆறு நாட்களுக்குள் ஹௌக்குக்கு மூன்று தங்கம்.

ஒரு நிமிடத் தாமதத்துக்கு எத்தனை மீட்டர் பறந்தால் ஈடாகும் என்பதை இயற்கை சொல்லாது. அதை மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றினால் ஓடுபவருக்குச் சாதகம், இன்னொன்றை மாற்றினால் தாண்டுபவருக்குச் சாதகம். கணக்கு எவ்வளவு வலியது என்பதற்கு ஷமோனியே சாட்சி. அதே தினம் நடந்த தனித் தாண்டலில் ஹௌக்குக்கு 18.000 புள்ளி என்று எழுதி வெண்கலம் கொடுத்தார்கள். டெலமார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆண்டர்ஸ் ஹௌகன் 17.916 பெற்று நான்காமிடம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, கூட்டலில் பிழை என்று தெரியவந்தது. ஹௌக்கின் சரியான புள்ளி 17.821. பிழையை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், கம்பைன்ட் போட்டியில் வெள்ளி வென்ற அதே ஸ்ட்ரோம்ஸ்டாட். ஹௌக் 1934-இலேயே நிமோனியாவில் 40 வயதில் இறந்துபோயிருந்தார். 1974-இல் ஆஸ்லோவில் அவருடைய மகளே வெண்கலப் பதக்கத்தை எண்பது வயதைக் கடந்த ஹௌகனின் கையில் கொடுத்தார். தந்தையின் புகழ் ஒரு பதக்கத்தால் குறையாது என்பதை அந்தப் பெண் அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

அடுத்த இரு ஒலிம்பிக்கிலும், 1928-இல் செயின்ட் மோரிட்ஸிலும் 1932-இல் லேக் பிளாசிடிலும், க்ரோட்டும்ஸ்ப்ரோட்டன் தங்கம் வென்றார். நார்வேக்கு வெளியே முதல் தங்கம் 1948-இல் ஃபின்லாந்தின் ஹைக்கி ஹாசுவுக்குப் போனது. மத்திய ஐரோப்பாவுக்கு அது வர 1960 வரை ஆனது. வென்றவர் மேற்கு ஜெர்மனியின் தபால்காரர் கியோர்க் தோமா. 1952 முதல் வரிசையும் மாறியது: முதலில் தாண்டல், பிறகு ஓட்டம்.

வரிசை மாறியதும் கணக்குச் சிக்கலுக்கு ஓர் அழகான விடை சாத்தியமானது. நார்வே வீரர் குண்டர் குண்டர்சன் யோசனைப்படி தாண்டலின் புள்ளி வித்தியாசத்தை நேரமாக மாற்றி, முன்னணியில் இருப்பவரை முதலில் கிளப்பிவிட்டார்கள். மற்றவர்கள் தத்தம் பின்னடைவு விநாடிகளைக் காத்திருந்து கிளம்புவார்கள். எல்லைக்கோட்டை முதலில் தொடுபவர் வெற்றியாளர். பார்வையாளர் காகிதமும் பென்சிலும் எடுக்க வேண்டியதில்லை. ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டிக்கு இந்த முறை 1988-இல் கால்கரியில் வந்தது. அங்கே சுவிட்சர்லாந்தின் ஹிப்போலிட் கெம்ப் பின்னாலிருந்து துரத்தி வந்து தங்கம் பிடித்தார். அட்டவணை ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது: 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நெடுநாள் இருந்த விதிப்படி 15 புள்ளிக்கு ஒரு நிமிடம். அந்த விகிதத்தைப் பற்றிய வாக்குவாதம் எப்போதும் உண்டு.

2022 பெய்ஜிங்கில் நார்வேயின் யார்ல் மக்னுஸ் ரீபர் கொரோனா தனிமையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். பெரிய குன்றில் தாண்டி முதலிடம் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் கிளம்பி, முதல் சுற்று முடிவில் தவறான பாதையில் திரும்பிவிட்டார். திரும்பி வருவதற்குள் முன்னிலை கரைந்தது. எட்டாவதாக முடித்தார். பழைய அட்டவணைக் காலத்தில் இந்தத் தவிப்பை இவ்வளவு நேரடியாகக் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

அதே 2022-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு எடுத்த முடிவு நியாயமானதல்ல. பெண்களுக்கு உலகக் கோப்பை 2020-இலும் உலக சாம்பியன் பட்டம் 2021-இலும் தொடங்கிவிட்டன. ஆனாலும் 2026 மிலான்-கோர்ட்டினா ஒலிம்பிக்கில் நார்டிக் கம்பைன்ட் ஆண்களுக்கு மட்டும் என்று குழு அறிவித்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லாத ஒரே விளையாட்டாக இது நீடித்தது. அதுவரை நடந்த கடைசி மூன்று ஒலிம்பிக்கில் வழங்கிய 27 பதக்கங்களையும் நான்கே நாடுகள் அள்ளிக்கொண்டன, பார்வையாளர்களும் குறைவு என்பது குழு சொன்ன காரணம். ஆண்கள் பிரிவின் எதிர்காலமும் கேள்விக்குறியானது.

பதக்கம் சில நாடுகளிலேயே தேங்குவது உண்மை. ஆனால் அது பெண்களின் குற்றமல்ல. தாண்டல் குன்று கட்டவும் பராமரிக்கவும் பெரும் செலவாகும். அதற்குப் பக்கத்திலேயே நல்ல ஓட்டப் பாதையும், இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்களும் வேண்டும். இந்த வசதி உள்ள ஊர்கள் உலகில் மிகச் சில. ஒலிம்பிக் கதவு திறந்திருந்தால்தான் ஒரு நாட்டின் விளையாட்டு அமைச்சகம் இளம்பெண்களுக்காகக் குன்றும் பயிற்சியாளரும் ஏற்பாடு செய்யும். கதவை மூடிவிட்டு, வருபவர் குறைவு என்று கணக்குக் காட்டுவதை எந்த அட்டவணையாலும் நியாயப்படுத்த முடியாது.