ராத்திரி பத்து மணிக்கு ஓசூர்

"அம்மா, அடுத்த வாரத்திலேர்ந்து எனக்கு நைட் ஷிப்ட்!" என்று என் பெண் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. மின்னணுப் பாகங்கள் பொருத்தும் ஒரு கம்பெனியில் அவள் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இவரோ, "பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரி வேலை எதுக்கு? விட்டுடச் சொல்லு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் முகம் வாடிப்போனது.

யோசித்துப் பார்த்தேன். காவேரிப்பட்டணத்தில் பிறந்த நான் கல்யாணமாகி ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் இந்த ஊரின் ராத்திரியை நான் பார்த்ததே இல்லை. எட்டரை மணிக்குக் கதவைத் தாழ்போட்டால் காலையில் பால்காரர் குரல் கேட்டுத்தான் திறப்பேன். பார்க்காத ஒன்றுக்கா இத்தனை பயம்? "ஏங்க, ஒரு நாள் நாமளே போய்ப் பாத்துட்டு வந்து முடிவு பண்ணலாமே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டேதான் ஸ்கூட்டரை எடுத்தார்.

எங்கள் ஊரை அறியாத சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூருவுக்கு 40 கிலோமீட்டரில் இருக்கிறது ஓசூர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் என்பதால் ராத்திரியில் குளிர்காற்று வீசும். 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் லாரியும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் இங்கே தயாராக ஆரம்பித்தன. பின்னாலேயே டைட்டன் கைக்கடிகாரம். 2019-ல் ஊர் மாநகராட்சியே ஆகிவிட்டது.

ஒன்பது மணிக்குப் பஸ் நிலையம் போனோம். அடேயப்பா, தேர்த் திருவிழாக் கூட்டம்தான்! "சில்க் போர்டு, மடிவாளா" என்று கண்டக்டர்கள் கூவுகிறார்கள். தமிழில் பூ விலை கேட்டால் தெலுங்கில் பதில் வருகிறது; பக்கத்தில் ஒருவர் கன்னடத்தில் பேரம் பேசுகிறார்; வடநாட்டுப் பையன்கள் இந்தியில் டீ கேட்கிறார்கள். தோசைக்கல்லின் ஓசை, கோபி மஞ்சூரியன் வாசனை, ராகிக் களிக்கு ஒரு வரிசை. தலை நிமிர்ந்தால், மலைமேல் சந்திரசூடேஸ்வரர் கோயில் விளக்கு. பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதி போகவில்லை. மதுக்கடை ஒன்று மூடும் நேரத்தில் அந்தப் பக்கமாக வந்தபோது இவர் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்து மணி சுமாருக்கு சிப்காட் பக்கம் ஷிப்ட் மாறியது. வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள். அடையாள அட்டை தொங்க, ஸ்வெட்டர் போட்ட பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குகிறார்கள். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, மாலை 7 மணிக்குமேல் காலை 6 மணிவரை பெண்களுக்குத் தொழிற்சாலையில் வேலை கூடாது என்றுதான் இருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை எல்லாம் நிர்வாகம் செய்து தரவேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. இவற்றைக் கேட்டு வாங்குவது நம் உரிமை, சலுகை அல்ல.

எங்கள் வீட்டருகே, பஸ் நிற்கும் முனையில், தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்தப் பொண்ணுங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்கா. ஒருத்தி வரலைன்னாலும் போன் போட்டுக் கேட்டுடுவேன். பஸ்ல இருக்கறவரைக்கும் பயமில்ல. எறங்கி வீட்டுக்கு நடக்கறாங்க பாருங்க, அதான் கஷ்டம்" என்றாள்.

சுருக்கென்றது. அந்த முனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே பார்த்தோம். நானூறு அடி இருக்கும். அதில் ஒரு திருப்பம் கும்மிருட்டு. கம்பெனி வாசலில் காவல், பஸ் நிலையத்தில் கூட்டம் எல்லாம் இருந்து என்ன? என் பெண் பயப்படவேண்டிய இடம் எங்கள் தெருவிலேயே அல்லவா இருந்திருக்கிறது!

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினேன். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். திருப்பத்தைச் சுற்றியுள்ள ஆறு வீட்டிலும் வாசல் விளக்கு விடிய விடிய எரியும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு தினம் பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் மூன்று யூனிட்கூட ஆகாது. ஷிப்ட் பெண்கள் போய் வரும் நேரத்தில் யாராவது ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்திருப்போம். இருந்து பாருங்கள், ஊர்க்கதையும் ஓடும், காவலும் ஆகும்!

பெண்ணின் உடம்பையும் கவனிக்கவேண்டுமே. போகும்முன் வயிறு நிறையச் சாப்பாடு. நடுராத்திரிக்கு இட்லியோ சுண்டலோ, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். விடியற்காலையில் டீ, காபி குடித்தால் வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வராது. ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, செல்போனை என்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறேன். பகல் இரண்டு மணிவரை வீட்டில் மிக்சி ஓடாது. விருந்தாளி வந்தாலும் எழுப்புவதில்லை. பகல் தூக்கம் சோம்பேறித்தனம் என்று சொன்ன என் நாத்தனாரிடம், "அவளுக்கு இதுதான் ராத்திரி" என்று சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு இவரே செருப்பை மாட்டிக்கொண்டு, "கெளம்பலாமா கண்ணு?" என்று அவளுடன் முனைவரை நடக்கிறார். திரும்பி வரும்போது கையில் இரண்டு இட்லிப் பொட்டலம். எனக்கும்தான்!