இருதயத்தைக் காக்கும் நால்வகைத் துணை

சபரகமுவ மாகாணத்தின் தென்புறத்தில், மலைநாடு தாழ்ந்து சமவெளியோடு கலக்கும் எல்லையில் அமைந்துள்ள நகரம் எம்பிலிப்பிட்டிய. அதற்கு வடபால் இறக்குவானை, கஹவத்தை, பலாங்கொடை முதலிய இடங்களில் தேயிலையும் இறப்பரும் வளரும் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தென்பால் வளவை கங்கையின் நீரால் விளையும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் உள்ளன. இந்நகரின் மாவட்டப் பொது வைத்தியசாலை, மண்வெட்டி பிடித்த கைகளையும் கொழுந்து பறித்த கைகளையும் ஒருங்கே வரவேற்கும் இடமாகும்.

முன்னாளில் இலங்கை மக்களை வாட்டிய பெருநோய் மலேரியாக் காய்ச்சல். 1934, 1935ஆம் ஆண்டுகளில் அது கொள்ளைநோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. சபரகமுவவில் கேகாலைப் பகுதி அதன் கொடுமையை மிகுதியும் அனுபவித்தது. அந்நோய் படிப்படியாக ஒழிக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பெற்றது. ஆயினும், நுளம்பை வென்ற நாட்டில் வேறொரு பகைவன் ஓசையின்றிப் புகுந்துவிட்டான். இன்று இலங்கையில் நிகழும் மரணங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தொற்றா நோய்களால் நேர்வன. அவற்றுள் மாரடைப்பும் பாரிசவாதமும் முன்னணியில் நிற்கின்றன.

இவ்விரு நோய்களும் உயிரை மட்டும் கவர்வன அல்ல. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பமொன்றில் கொழுந்து பறிக்கும் கை ஒரு நாள் விடியலில் பாரிசவாதத்தால் தளர்ந்துவிடுமாயின், அன்று முதல் அக்குடும்பம் ஒரு வருமானத்தை இழக்கின்றது. நோயாளியைப் பார்த்துக்கொள்ள மற்றொருவர் வீட்டில் தங்குவதால் இரண்டாவது வருமானமும் போகின்றது. பிள்ளையின் படிப்பு அதன்பின் நிலைப்பது அரிது. ஆதலின், இந்நோய்களை வருமுன் காப்பது வைத்தியத்தின் கடமை மட்டுமன்று; குடும்பப் பொருளாதாரத்தின் முதற் கடமையுமாகும்.

மாரடைப்பும் பாரிசவாதமும் வெவ்வேறு உறுப்புகளைத் தாக்கினும், அவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றே. இருதயம் செலுத்தும் இரத்தம் நாடிக் குழாய்கள் வழியே உடலெங்கும் பாய்கின்றது. அக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புச் சத்து ஆண்டுக்கணக்கில் படிந்து தடிக்கின்றது. வாய்க்காலில் வண்டல் படிவதுபோல இது தோன்றினும் ஒரு வேறுபாடு உண்டு. வண்டல் நீரோட்டத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். குழாய்ச் சுவரிற் படிந்த கொழுப்போ திடீரென வெடிக்கக்கூடும். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து சில நிமிடங்களில் வழியை அடைத்துவிடும். இவ்வடைப்பு இருதயத் தசைக்கு உணவூட்டும் நாடியில் நேர்ந்தால் மாரடைப்பு; மூளைக்குச் செல்லும் நாடியில் நேர்ந்தால் பாரிசவாதம். மூளையிலுள்ள நாடி மிகுந்த அழுத்தத்தால் உடைந்து இரத்தம் கசிவதாலும் பாரிசவாதம் உண்டாகும். அது நீரின் வேகம் தாங்காது வாய்க்காற் கரை உடைவதை ஒக்கும்.

இக்கேட்டுக்குக் காரணங்கள் யாவை? 52 நாடுகளில் நடைபெற்று 2004ஆம் ஆண்டில் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ என்னும் பேராய்வு இவ்வினாவுக்கு விடை கூறிற்று. புகையிலை, இரத்தத்திலுள்ள கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், காய்கறியும் பழமும் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் தொடர்பான நிலை ஆகிய ஒன்பதுமே உலகின் முதல் மாரடைப்புகளுள் பத்தில் ஒன்பது பங்குக்குக் காரணமாய் அமைகின்றன என்று அது காட்டிற்று. தென்னாசிய மக்களுக்கு மாரடைப்பு ஏனையோரைவிடச் சில ஆண்டுகள் முன்னரே, ஏறத்தாழ 53 வயதளவில் நேர்கின்றது என்பதும் அவ்வாய்வால் வெளிப்பட்டது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதன்றோ அது!

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். இருதய நோயைத் தடுக்கும் முறைக்கு இதனினும் பொருத்தமான பகுப்பைக் காண்பது அரிது. இந்நான்கில் ஒன்று தளர்ந்தாலும் ஏனைய மூன்றும் பயன் குன்றும்.

முதலாவது, நோய் தீர்ப்பவர். இருதய நோய் நிபுணர் என்றதும், மாரடைப்பு வந்தபின் நாடிப்புழையைத் திறந்து உயிர் மீட்பவர் என்ற எண்ணமே பலர் மனத்தில் எழுகின்றது. ஆனால் அவருடைய பணியின் பெரும்பகுதி நோய் வருமுன்னரும், வந்த நோய் மீளாதவாறும் காப்பதேயாகும். இரத்த அழுத்தம் சற்று உயர்ந்த ஒவ்வொருவரும் அவரிடம் செல்ல வேண்டுவதில்லை. 35 வயதைக் கடந்தோர் முதலில் நாட வேண்டியது அரசாங்க ஆரம்ப வைத்தியசாலைகளில் 2011ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களையே. அங்கு எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை முதலியவை கட்டணமின்றிச் சோதிக்கப்படுகின்றன. அச்சோதனையில் ஐயம் தோன்றினாலோ, நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் உண்டானாலோ, நாடித்துடிப்பு ஒழுங்கின்றி ஓடினாலோ, பெற்றோர் உடன்பிறந்தாருள் ஒருவருக்கு இளவயதில் மாரடைப்பு நேர்ந்திருந்தாலோ நிபுணரின் ஆலோசனை வேண்டப்படும்.

அவர் ஈ. சி. ஜி. என வழங்கும் மின்வரைபால் இருதயத்தின் மின்னியக்கத்தை அறிவார். ஒலியலைச் சோதனையால் வால்வுகளையும் தசையின் வலிமையையும் காண்பார். நடைப்பட்டியில் நடக்கச் செய்து, உழைப்பின்போது இருதயத்துக்கு இரத்தம் போதுமா என ஆராய்வார். ஒழுங்கற்ற நாடித்துடிப்பு சிலருக்கு யாதொரு துன்பமும் தராது. ஆனால் அந்நிலையில் இருதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை உண்டாக்கும். அத்தகையோருக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை அளவறிந்து கொடுத்தல் நிபுணரின் முக்கிய பணிகளுள் ஒன்று.

நெருக்கமான லயக் காம்பராக்களில் வாழும் பிள்ளைகள்பால் மற்றொரு கவனமும் வேண்டும். கிருமியால் வரும் தொண்டை நோவைக் கவனியாது விட்டால், சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் தோன்றி இருதய வால்வுகளைச் சிதைத்துவிடும். அக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியை, வைத்தியர் குறிக்கும் காலம்வரை தவறாது போடுவித்தல் அவசியம்.

இரண்டாவது, நோயுற்றவர். வைத்தியரின் அறிவு எத்துணைப் பெரிதாயினும், நோயாளி மறைத்ததை அவர் அறியார். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம், சாராயம் அருந்தும் அளவு, கடையில் வாங்கி விழுங்கும் நோவு மாத்திரை, பக்கத்து ஊர் நாட்டு வைத்தியர் தந்த சூரணம் ஆகிய யாவற்றையும் கூச்சமின்றிச் சொல்லுதல் வேண்டும். முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் பலர் நாள்தோறும் உண்ணும் மாத்திரைகளுட் சில இரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு சிறுநீரகத்தையும் கெடுப்பன. புகையிலையைப் புகைப்பதே தீது, மெல்லுதல் தீதன்று எனக் கருதுவாரும் உளர். முன்குறித்த பேராய்வு, புகையிலையை மெல்லுவோருக்கும் மாரடைப்பு அபாயம் இருமடங்குக்குமேல் உயர்வதைக் கண்டது.

“நாள் முழுதும் மலையேறி இறங்கும் உடம்புக்கு இருதய நோய் எங்ஙனம் வரும்?” என்ற வினா தோட்டப்புறங்களில் எழுவதுண்டு. உடலுழைப்பு பெருந்துணையே, ஆயினும் அது தனித்து நின்று காக்க வல்லதன்று. கருவாடும், உப்பு மிகுந்த சம்பலும், ஒரு நாளில் பலமுறை சீனி கலந்து பருகும் தேநீரும் உழைப்பின் நன்மையைக் கரைத்துவிடுகின்றன. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. கருவாட்டை நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடுதலும், உப்புக்கு ஈடாகத் தேசிக்காய்ப் புளியும் மிளகும் சேர்த்தலும், தோட்டத்திலேயே கிடைக்கும் வல்லாரை, முருங்கைக்கீரை முதலியவற்றை நாடோறும் உண்பதும் செலவற்ற வழிகள்.

மூன்றாவது, மருந்து. உயர் இரத்த அழுத்தம் வலிக்காத நோய். வலியில்லாமையால் மருந்து வேண்டாமெனக் கருதுவது பெரும்பிழை. மேலழுத்தத்தை 10 அலகு குறைத்தால் பாரிசவாதம் ஏறத்தாழக் கால்பங்கும், இருதய நாடி நோய் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும் குறைகின்றன என்பது 2016ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வின் முடிபு. மருந்தை எளிதாக்குவதும் பயன் தரும். இலங்கை வைத்தியசாலைகளில் 700 நோயாளரிடையே நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வொன்றில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே மாத்திரையை உண்டவர்களுள் 100க்கு 70 பேர் ஆறு மாதத்தில் உரிய அழுத்த நிலையை அடைந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 55 பேரே அதனை அடைந்தனர்.

அழுத்தம் சீரானதும் மாத்திரையை நிறுத்துதல், அயலாரின் மாத்திரையைக் கடன் வாங்கி உண்ணுதல், நோயற்றவர் தாமாகவே நாள்தோறும் ஆஸ்பிரின் விழுங்குதல் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கன. ஆஸ்பிரின் ஒருவருக்கு அரண். மற்றொருவருக்கு வயிற்றில் இரத்தக் கசிவு. எவருக்கு எதுவென்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியரே.

நான்காவது, அருகிருந்து துணை செய்பவர். இக்கூறே பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் 2,645 பேரிடம் நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதன் வலிமையை நிறுவியது. பயிற்சி பெற்ற அரசாங்க சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் சென்று அழுத்தத்தை அளந்து, அறிவுரை கூறி, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டாண்டின் முடிவில், அத்தகைய துணை பெற்றோரின் மேலழுத்தம் சராசரி 9 அலகு குறைந்தது. ஏனையோருக்கு 4 அலகே குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கு பயன்படவில்லை. வாசற்படிக்கு வந்த மனிதரே பயன்பட்டார்.

தோட்டத் தொழிலாளிக்குக் கிளினிக் நாள் என்பது கூலியை இழக்கும் நாள். அதிகாலையில் பஸ் ஏறி, வரிசையில் நின்று, மாலையில் திரும்பும் அவர் அடுத்த மாதம் செல்லத் தயங்குவது இயல்பே. கிளினிக் செல்லும் நாளுக்கு மாற்றுவேலை கொடுக்கும் தோட்ட நிருவாகமும், மாத்திரையை நினைவூட்டும் மனைவியும், சிங்களத்தில் வைத்தியர் கூறியதைத் தமிழில் விளக்கும் பிள்ளையும் மருத்துவத்தின் நான்காம் கூறாவர். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆதலின், புரியாத அறிவுரையைப் புரியும் மொழியில் மீளக் கேட்பது நோயாளியின் உரிமையாகும். ‘என் அழுத்தம் எவ்வளவு, அது எவ்வளவாக இருத்தல் வேண்டும், இம்மாத்திரை எதற்கு, மீண்டும் வரும் நாள் எது’ என்னும் நான்கு வினாக்களுக்கு விடை அறியாது எவரும் கிளினிக்கை விட்டு வெளியேறலாகாது.

இத்தனை காவலையும் மீறி நோய் தாக்குமாயின், காலமே மருந்து. நடுநெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன மாரடைப்பின் அறிகுறிகள். நீரிழிவுடையோருக்கும் பெண்களுக்கும் நோவின்றி, களைப்பும் குமட்டலும் மட்டுமே தோன்றலும் உண்டு. அதனை வாயுத் தொல்லையென எண்ணி இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருந்து மாண்டோர் பலர். வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன பாரிசவாதத்தின் அறிகுறிகள். அவை சில நிமிடங்களில் மறைந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மறைந்த அறிகுறி, வரவிருக்கும் பெருந்தாக்குதலின் முன்னறிவிப்பாகும்.

உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து, மாரடைப்பில் முதற்சில மணி நேரத்துக்குள் பெரும்பயன் தரும். பாரிசவாதத்தில் மூளையைப் படம் பிடித்து, கசிவு இல்லையெனக் கண்டபின், நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘சுவசெரிய’ நோயாளர் வண்டிச் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் கட்டணமின்றி அழைக்கலாம். மலைப்பாதையில் வண்டி லயத்தின் வாசல்வரை ஏற இயலாத இடங்களில், நோயாளியை எவ்வழியே, எவர் பெருவீதிக்குச் சுமந்து செல்வது என்பதை அயலவர் முன்கூட்டியே பேசி வைத்திருத்தல் நன்று. அப்பேச்சுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அது இல்லாத இரவிலோ ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் ஒரு பகுதியை அழித்துச் செல்லும்.