குறள் பலகையும் பாரதி படமும்: மலையில் விற்போர் கவனத்திற்கு

மளிகைக் கடையில் சுவர்ப்படம் விற்பதா என்று நம் உறுப்பினர்களில் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் உதகை, குன்னூர், கோத்தகிரி கடைவீதிகளில் ஒரு நடை நடந்து பார்த்தால், வர்க்கியும் தைலமும் தேயிலைப் பொட்டலமும் அடுக்கிய அலமாரிக்கு மேலே, ஆணியில் இரண்டு மூன்று படங்கள் தொங்கும் கடைகள் பல கண்ணில் படும். நமக்குத் தெரிந்தவரை, சாமி படத்துக்கு அடுத்தபடியாகக் கேட்டு வாங்கப்படுபவை குறள் எழுதிய பலகை, திருவள்ளுவர் படம், பாரதி படம் ஆகியவைதான். புதுமனை புகுவிழா, பள்ளிப் பரிசளிப்பு, பணி ஓய்வு பெறும் ஆசிரியருக்கு நினைவுப் பரிசு என்று ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருக்கிறது. அரிசி, பருப்பைவிட இதில் லாப விகிதம் கூடுதல். நஷ்டம் வந்தாலும் அப்படித்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இலக்கியத்தைச் சுவரில் மாட்டும் வழக்கம் புதிதல்ல. 1894-ல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, சகுந்தலையும் தமயந்தியும் வண்ண அச்சுப் படங்களாகச் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். தெற்கே கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக நம் கடைகளுக்கே வந்தன. ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் படம் 1964-ல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. இன்று வள்ளுவர் என்றதும் நம் மனதில் எழும் உருவம் அதுதான். பிறகு அரசுப் பேருந்துகளில் குறள் எழுதினார்கள். 1976-ல் திறக்கப்பட்ட சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறள்களையும் கல்லிலேயே பொறித்தார்கள். பஸ்ஸில் படித்ததை வீட்டுச் சுவரிலும் வைத்துக்கொள்ள மக்கள் விரும்பினால் அதில் வியப்பில்லை.

இந்தச் சரக்கை வாங்க வருபவர் மற்ற வாடிக்கையாளரைப் போன்றவர் அல்ல. பிரேமின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் படிப்பார். நம் உறுப்பினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியிலிருந்து குறள் பலகைகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தார். அழகான வேலைப்பாடு. முதல் வாரமே ஒரு தமிழாசிரியர் வந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை என் பையன் பரீட்சையில எழுதியிருந்தா மார்க் குறைச்சிருப்பேன்" என்று திருப்பி வைத்துவிட்டார். வல்லின றகரம் வர வேண்டிய இடத்தில் இடையின ரகரம். ஒரே அச்சில் வந்தவை என்பதால் எல்லாப் பலகையிலும் அதே பிழை. அனுப்பியவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். எழுதி வாங்கிய ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் வாதாடவும் முடியவில்லை. பாதி விலைக்கும் போகாமல் அந்தப் பணம் முடங்கிப் போனது.

நாம் புலவர்களாக வேண்டியதில்லை. குறள் ஒன்றுக்கு ஏழு சீர்தான்; மேல் வரியில் நான்கு, கீழ் வரியில் மூன்று. இடம் போதவில்லை என்று அச்சுக்காரர் வரியை மூன்றாகவோ நான்காகவோ உடைத்திருந்தால், படித்தவர் வாங்கத் தயங்குவார். பலகையில் குறள் எண் போட்டிருந்தால், ஒரு மலிவுப் பதிப்பைக் கல்லாவில் வைத்துக்கொண்டு எண்ணையும் எழுத்தையும் ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். முதலில் ஒரு மாதிரி மட்டும் வரவழையுங்கள். பிழையிருந்தால் அனுப்பியவர் செலவிலேயே திரும்பும் என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஈரம். சமவெளி வியாபாரிக்கு இல்லாத தொல்லை இது. கூடலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழைதான் பெரிது. மழை பிடிக்கும் மாதத்தில் படக்கட்டு வந்து இறங்கினால், விற்பதற்குள் பூசணம் பூத்துவிடும். கோடை சீசனுக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாங்கி மே மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. 2024 மே மாதம் முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டதால், பழைய கூட்டத்தை நம்பி இரண்டு பங்கு வாங்கி வைப்பதும் ஆபத்து.

பிரேம் போடும் விதத்திலும் கவனம் வேண்டும். படத்தின் மீது கண்ணாடி நேராகப் படிந்திருந்தால், குளிரில் உள்பக்கம் வேர்த்து, தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்; பிரித்தால் கிழியும். நடுவில் அட்டை மவுண்ட் கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மரத்தூள் அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் உப்பும். மழை மோதும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டவும், பின்புறம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்று போக வழி விடவும் வாங்குபவருக்குச் சொல்லி அனுப்புங்கள். நேர்வெயில் படும் இடமும் ஆகாது. 2,240 மீட்டர் உயரத்தில் வெயில் சுடாவிட்டாலும் வண்ணத்தை வெளுக்க வைக்கும்.

மூன்றாவதாகச் சொல்லப்போவதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. நூல் பழையது, ஆகவே படமும் யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணிவிடுகிறோம். அது சரியல்ல. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்துக்கு உரிமை ஓவியரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உண்டு. திருக்குறளை யாரும் அச்சிடலாம். பாரதியின் பாடல் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் பொதுவுடைமையாக்கியது. ரவி வர்மா 1906-ல் மறைந்தவர். அவர் படங்களுக்கும் தடையில்லை. ஆனால் கொண்டையராஜு மறைந்தது 1976-ல். அவர் ஓவியங்களுக்கு உரிமைக்காலம் 2036 முடியும் வரை இருக்கிறது. நேற்று ஒருவர் வரைந்த பாரதி படத்தை இணையத்தில் இறக்கி, பிளெக்ஸ் கடையில் அச்சடித்து மாட்டி விற்றால், அச்சடித்தவரோடு விற்றவரும் பொறுப்பு. தெரிந்தே செய்தால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. கொள்முதல் பில்லில் அச்சிட்டவர் பெயர், முகவரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

இந்த மலைக்கே உரிய படம் ஒன்று இருக்கிறது. சங்க இலக்கியத்தில் மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சித் திணை. பத்துப்பாட்டில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்தப் பூக்களை வரைந்து பெயர் எழுதிய படமும், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் படமும் உதகையில் வாங்கினால்தான் பொருத்தம். கோவையிலோ சென்னையிலோ வாங்கினால் அந்த ருசி வராது. உள்ளூர் ஓவியரிடம் எழுத்து மூலம் உரிமை வாங்கி, சிறிய அளவில் செய்து பார்க்கலாம். ஒன்று மட்டும்: ஊதா நிறப் பூவையெல்லாம் குறிஞ்சி என்று எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். இலக்கியம் படித்தவர் அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

பில் போடும்போது எல்லாவற்றையும் 'படம்' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ஜி.எஸ்.டி.யில் அச்சுப்படம் 4911, காலண்டர் 4910, வெறும் மரப் பிரேம் 4414, கையால் வரைந்த ஓவியம் 9701 என்று தலைப்புகள் தனித்தனி. பிரேம் போட்டு விற்பது எதில் வரும், இன்றைய வரி எவ்வளவு என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போட்ட படத்தை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றினால், கொண்டை ஊசி வளைவுகளில் லாரி குலுங்கிச் சேதமாவது வழக்கமாகிவிட்டது. தாளை மட்டும் அட்டைக்கு நடுவில் வைத்து வரவழைத்து, கண்ணாடியை இங்கேயே வெட்டிப் போடுவது மேல். கண்ணாடியோடு வந்தே ஆக வேண்டுமென்றால், பெட்டியில் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்தி அடுக்கச் சொல்லுங்கள். வாங்குபவருக்குப் பொதிந்து கொடுக்கும்போது பாலித்தீன் பை வேண்டாம்; நம் மாவட்டத்தில் சோதனை கடுமை. பழைய செய்தித்தாள் நான்கு சுற்று, மூலைகளுக்கு அட்டை, மேலே சணல் கயிறு என்று கட்டிக் கொடுத்தால் சென்னை வரை பத்திரமாகப் போகும்.