இருபது நாள் விதைப்பும் தில்லியின் புகையும்

புது தில்லி: தலைநகரின் தென்மேற்கில் உள்ள மோதி பாக், மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் ஒன்று இங்கு இயங்கி வருவதால் தமிழர்களுக்கும் பழக்கமான இடம். குரு கோவிந்த் சிங் 1707-ஆம் ஆண்டு தில்லி வந்தபோது தங்கியதாகக் கருதப்படும் இடத்தில் எழுந்த குருத்வாராவும், அரசுச் செயலர் நிலையிலான அதிகாரிகள் வசிக்கும் நியூ மோதி பாக் வளாகமும் இங்குதான் உள்ளன. கோதுமை வயல் எதையும் இங்கு காண முடியாது. ஆயினும், வட இந்தியாவில் கோதுமை விதைப்பு நெருங்கிவிட்டது என்பதை நவம்பர் மாதத்தில் இப்பகுதி மக்கள் மூச்சிலேயே உணர்கின்றனர்.

பஞ்சாப், ஹரியாணா வயல்களில் நெல் தாள்கள் எரிக்கப்படும் புகை, தலைநகரின் வாகனப் புகையுடனும் கட்டுமானத் தூசியுடனும் கலந்து விடுகிறது. 2024 நவம்பர் 18-ஆம் தேதி தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. பள்ளிகள் மூடப்பட்டு, மாணவர்கள் வீட்டிலிருந்தே இணைய வழியில் பாடம் படித்தனர்.

இப்புகைக்கு விவசாயிகளின் அலட்சியமே காரணம் என்ற எண்ணம் தலைநகரில் பரவலாக உள்ளது. ஆனால், நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு, மூன்று வாரங்களே மிஞ்சும் ஒரு நாள்காட்டிதான் இதன் வேர். அந்த நாள்காட்டி விவசாயி வகுத்ததன்று. கடந்த அறுபது ஆண்டுகளில் அரசுகளும் அறிவியலும் சேர்ந்து, நாட்டின் பசியைப் போக்குவதற்காக வகுத்தது அது.

வசந்தப் பயிர், குளிர்காலத்தில்...

கனடா, கஜகஸ்தான் போன்ற நாடுகளில் கோதுமை விவசாயிகள் பனி உருகும் வரை காத்திருந்து, ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கின்றனர். இந்தியாவிலோ குளிர் தொடங்கும்போது விதைத்து, வசந்தத்தின் முடிவில் அறுவடை செய்கின்றனர். தமிழர்கள் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் நாளையொட்டியே பஞ்சாபில் அறுவடைத் திருநாளான வைசாகி வருகிறது. எனினும், இந்தியாவில் விளைவது தாவரவியல் வகைப்பாட்டில் வசந்தக் கோதுமையே. பூப்பதற்குக் கடுங்குளிர் தேவைப்படாத வகை அது.

இந்த ஒற்றுமைதான் பசுமைப் புரட்சிக்கு வழி திறந்தது. மெக்சிகோவில் பணியாற்றிய அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக், சொனோரா சமவெளியில் ஒரு பருவமும், டொலூகா மேட்டு நிலத்தில் மறு பருவமுமாக, ஆண்டுக்கு இருமுறை கோதுமையை விதைத்துத் தேர்வு செய்தார். பகல் பொழுதின் நீளம் மாறினாலும் விளையக்கூடிய ரகங்கள் இதனால் உருவாயின. ஜப்பானின் நோரின்-10 ரகத்திலிருந்து பெற்ற குட்டைத்தன்மையும் அவற்றில் சேர்க்கப்பட்டது. நெட்டையான பழைய கோதுமைக்கு உரத்தைக் கூட்டினால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். குட்டை ரகங்கள் சாயாமல் நின்றன.

தில்லியில் எடுத்த முடிவுகள்

போர்லாக் 1963 மார்ச்சில் இந்தியா வந்து கோதுமை வயல்களைப் பார்வையிட்டார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணியை முன்னின்று நடத்தினார். தலைநகரின் வடமேற்கு எல்லையில் உள்ள ஜோந்தி கிராமம் 1964-இல் விதைக் கிராமமாகத் தேர்வு செய்யப்பட்டது. புதிய ரகங்களின் விதையை அக்கிராம விவசாயிகளே தங்கள் நிலத்தில் பெருக்கிக் கொடுத்தனர்.

அப்போது மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர், பொள்ளாச்சி வட்டாரத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். ஆட்சியிலும் திட்டக் குழுவிலும் எழுந்த எதிர்ப்பைச் சமாளித்து, 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் விதைக் கோதுமையை இறக்குமதி செய்ய வழிவகுத்தார். தில்லியில் உள்ள தமது அரசு இல்லத்தின் புல்வெளியை உழுது அங்கும் புதிய கோதுமையை விதைத்தார். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டதும், அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்ததும், விளைபொருள் விலையைப் பரிந்துரைக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

தேவை அவ்வளவு கடுமையாக இருந்தது. 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளும் தொடர்ந்து மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல்.480 திட்டத்தின் கீழ் வந்த கோதுமை. கப்பல் தாமதமானால் ரேஷன் கடை வெறிச்சோடும் நிலை. 1964-65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. கோதுமைப் புரட்சியைக் குறிக்கும் அஞ்சல் தலையை 1968-இல் பிரதமர் இந்திரா காந்தி வெளியிட்டார். 2023-24-இல் விளைச்சல் 11 கோடி டன்னுக்கும் அதிகம்.

விதைக்கும் முறையே மாறியது

விதையுடன் விதைப்பும் மாறியது. முன்பு, பருவமழை விட்டுச் சென்ற ஈரத்தை எட்டுவதற்காக, ஏருக்குப் பின்னால் விதையை ஆழமாக இடுவர். அக்டோபர் நடுவிலேயே விதைப்பு தொடங்கிவிடும். குட்டைக் கோதுமையின் முளைக்கு அவ்வளவு ஆழத்திலிருந்து மண்ணைத் துளைத்து வரும் நீளம் இல்லை. எனவே, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் போதும் என்று விஞ்ஞானிகள் அறிவுறுத்தினர். விதைக்கும் நாள் நவம்பர் முதல் பாதிக்குத் தள்ளிப் போனது. விதைத்து மூன்று வாரத்தில் தூரிலிருந்து வேர் பிடிக்கும் தருணத்தில் முதல் நீர்ப்பாய்ச்சல் கட்டாயமானது. மானாவாரிப் பயிராகப் பல இடங்களில் விளைந்த கோதுமை, கால்வாயையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பும் பயிராயிற்று. எருதின் இடத்தில் டிராக்டரும், கைவிதைப்பின் இடத்தில் விதைப்புக் கருவியும் வந்தன.

இம்மாற்றத்தின் ஆபத்தை முதலில் சுட்டிக்காட்டியவர்களில் சுவாமிநாதனும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1968 ஜனவரியில் வாராணசியில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டிலேயே அவர் எச்சரித்தார். மண்வளத்தைப் பேணாமலும், நிலத்தடி நீரைக் கணக்கின்றி உறிஞ்சியும், உள்ளூர் ரகங்களை ஒழித்து ஓரிரு ரகங்களையே எங்கும் பயிரிட்டும் செய்யும் வேளாண்மை இறுதியில் பேரழிவில் முடியும் என்பதே அவர் கூறியதன் சாரம். விளைச்சலின் மகிழ்ச்சியில் அந்த எச்சரிக்கை உரிய கவனம் பெறவில்லை.

நெல் வந்த பிறகு...

கோதுமை மட்டும் இருந்திருந்தால் நவம்பர் நெருக்கடி வந்திருக்காது. பஞ்சாபில் 1960-61-இல் நெல் பயிரான பரப்பு சுமார் 2.3 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகம். பஞ்சாப் மக்களின் அன்றாட உணவு ரொட்டிதான். அங்கு விளையும் அரிசியின் பெரும்பகுதி பொது விநியோகத் திட்டத்தின் வழியாகப் பிற மாநிலங்களுக்குச் செல்கிறது. உணவுக் கழகம் உறுதியாக வாங்கிக்கொண்ட பயிர்கள் கோதுமையும் நெல்லுமே. மக்காச்சோளத்துக்கும் பருப்புக்கும் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டாலும், அந்த விலையில் முழுமையாக வாங்குவார் இல்லை. 1997 முதல் பஞ்சாபில் பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசமானது. விவசாயி நெல்லின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

இதில் பூசா நிலையத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களுக்கென 1993-இல் வெளியிடப்பட்ட பூசா-44 நெல் ரகம், தெற்கைவிடப் பஞ்சாபில்தான் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஏக்கருக்குச் சில குவிண்டால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால், நாற்றங்கால் முதல் அறுவடை வரை சுமார் 155 முதல் 160 நாள்கள் வரை ஆகும். அந்த அளவுக்குக் கோதுமைக்கான அவகாசம் சுருங்கியது.

நீர்ச் சட்டமும் நெருக்கடியும்

நிலத்தடி நீர் அதல பாதாளத்துக்குச் சென்றதால், நிலத்தடி நீர்ப் பாதுகாப்புக்கென 2009-இல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஜூன் 10-க்கு முன்பு நெல் நடவு செய்யக் கூடாது என்றது அச்சட்டம். ஹரியாணாவும் அதே ஆண்டு இத்தகைய சட்டம் கொண்டு வந்தது. கோடை வெயிலில் நீர் ஆவியாவதைத் தடுப்பதே நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. எனினும், நடவு தள்ளிப் போனதால் அறுவடையும் அக்டோபர் இறுதி வரை தள்ளிப் போனது. காவிரி டெல்டாவில் மேட்டூர் அணை திறப்புக்குரிய ஜூன் 12-ஐ நம்பிக் குறுவைக்குத் தயாராகும் விவசாயிக்கு, ஒரு தேதி மாறினால் அடுத்த பயிர் வரை எல்லாம் மாறும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நெல்லை அறுவடை இயந்திரம் அறுக்கிறது. கதிரைக் கொய்துகொண்டு, அடித்தாளை நிற்க விட்டு, வைக்கோலை வயலிலேயே சிதறிவிட்டுச் செல்கிறது. பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் வைக்கோல் இவ்வாறு மிஞ்சுகிறது. நவம்பர் நடுவுக்குப் பின் விதைப்பு தாமதமானால் மார்ச் வெயிலில் மணி சிறுத்து, நாளுக்கு நாள் விளைச்சல் குறையும். ஆள் வைத்து வைக்கோலை அகற்றக் கூலி கட்டாது. ஒரு தீக்குச்சியில் வேலை முடிந்துவிடுகிறது.

தீயின்றி விதைக்க...

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய ஒத்துழைப்புடன் உருவாக்கிய 'ஹேப்பி சீடர்' கருவி, நிற்கும் தாளினூடே மண்ணைக் கீறிக் கோதுமையை விதைத்து, வைக்கோலை அதன் மீதே மூடாக்காகப் பரப்பிவிடுகிறது. உழவே தேவையில்லை; ஈரமும் காக்கப்படுகிறது. இத்தகைய கருவிகளை வாங்க, 2018 முதல் தனி விவசாயிக்கு 50 விழுக்காடும், கூட்டுறவுச் சங்கங்கள், வாடகை மையங்களுக்கு 80 விழுக்காடும் மத்திய அரசு மானியம் வழங்கத் தொடங்கியது. ஆனால், ஆண்டில் மூன்று வாரம் மட்டுமே பயன்படும் கருவி அது. இழுக்க சக்தி மிகுந்த டிராக்டர் வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படுவதால் சிறு விவசாயியின் முறை வரும்போது பருவம் கடந்துவிடுகிறது. தாளை மக்கச் செய்யப் பூசா நிலையம் உருவாக்கிய நுண்ணுயிர்க் கரைசலை 2020-இல் தில்லி அரசு தலைநகரப் பகுதி வயல்களில் இலவசமாகத் தெளித்தது. அது வேலை செய்ய மூன்று வாரத்துக்கும் மேல் ஆகும். விவசாயியிடம் இல்லாததும் அந்த மூன்று வாரமே.

வெப்பமும் இப்போது சேர்ந்துகொண்டுள்ளது. 2022 மார்ச்சில் வீசிய கடும் வெப்பத்தால் கோதுமை விளைச்சல் பாதிக்கப்பட்டு, அந்த ஆண்டு மே 13-ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. கோடை வருமுன் கதிர் முற்றிவிட, அக்டோபர் இறுதியிலேயே விதைக்கத்தக்க கோதுமை ரகங்களைப் பூசா விஞ்ஞானிகள் உருவாக்கியுள்ளனர். மூதாதையர் விதைத்த நாளை நோக்கி அறிவியலே திரும்புகிறது. ஆனால், அந்த நாளில் வயலில் நெல் நிற்கிறது.

அபராதமா, விலையா?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தாள் எரிப்புக்குத் தடை விதித்தது. 2020-21-இல் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் ஓராண்டுக்கும் மேல் போராடிய விவசாயிகளின் கோரிக்கைகளில், இதற்கான தண்டனையை நீக்குவதும் ஒன்று. 2020 டிசம்பர் 30-ஆம் தேதி நடைபெற்ற பேச்சுவார்த்தையில் மத்திய அரசு அதை ஏற்றது. எனினும், 2024 நவம்பரில் அபராதம் இரு மடங்காக்கப்பட்டது. இரண்டு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு ரூ. 5 ஆயிரம், ஐந்து ஏக்கருக்கு மேல் ரூ. 30 ஆயிரம். தாள் எரித்தவர் இரு பருவங்களுக்கு மண்டியில் விற்க முடியாது என்று ஹரியாணா அரசு 2024 அக்டோபரில் உத்தரவிட்டது.

பஞ்சாபில் 2023-இல் 36 ஆயிரத்துக்கும் அதிகமாகப் பதிவான தீ நிகழ்வுகள், 2024-இல் 11 ஆயிரத்துக்கும் கீழே குறைந்தன. இதைச் சாதனை என்கின்றன அரசுகள். செயற்கைக்கோள் கடந்து சென்ற பிறகு தீ வைக்கும் போக்கு வளர்ந்திருப்பதால் இந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப முடியாது என்கின்றனர் விஞ்ஞானிகள் சிலர். அதே 2024-இல்தான் தில்லியின் காற்று 490-ஐத் தாண்டியது. உச்ச நாள்களில் மூன்றில் ஒரு பங்கு வரை எட்டும் தாள் புகை, குளிர்காலம் முழுவதையும் கணக்கிட்டால் சிறு பங்கே. எஞ்சியது வாகனம், தொழிற்சாலை, கட்டுமானம் ஆகியவற்றிலிருந்து எழும் தலைநகர வட்டாரத்தின் சொந்தப் புகை.

குறைந்த நாளில் விளையும் பி.ஆர்.-126 போன்ற ரகங்களுக்கு மாறுவது அவகாசத்தைக் கூட்டும். பூசா-44-ஐ அடுத்த பருவம் முதல் தடை செய்வதாகப் பஞ்சாப் அரசு 2023 அக்டோபரில் அறிவித்தது அந்த நோக்கில்தான். ஆனால், நெல் பரப்பே குறையாமல் நிலத்தடி நீரும் மிஞ்சாது, நவம்பர் நெருக்கடியும் தீராது. மக்காச்சோளம், பருப்பு, பருத்தி ஆகியவற்றையும் அறிவித்த விலைக்கு வாங்குவோம் என்ற உறுதி கிடைத்தாலன்றி எந்த விவசாயியும் நெல்லைக் கைவிடப் போவதில்லை. சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 விழுக்காடு கூடுதலாக விலை வேண்டும் என்று 2006-இல் பரிந்துரைத்தது. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தார். 2024-இல் அவருக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டது. விலையைக் கணக்கிடும் முறை குறித்த சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

தலைநகரைச் சுற்றியிருந்த வயல்களும் சுருங்கி வருகின்றன. 1961-இல் தில்லியில் 276 ஊரகக் கிராமங்கள் இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எஞ்சியவை 112. வயல் கண்ணில் படாத நகரத்துக்கு அதன் நாள்காட்டியும் மறந்துபோகிறது. ஆனால் ரொட்டிக்கான கோதுமையும் ரேஷன் அரிசியும் அந்த நாள்காட்டியின்படியே வந்து சேருகின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் விதை, விலை, கொள்முதல் மூன்றையும் ஒருசேரத் தந்து விவசாயியை மாற்றிய அரசு, இப்போது அபராதத்தை மட்டும் தந்து மாற்றிவிட முடியும் என எதிர்பார்க்கிறது. மாற்றுப் பயிருக்கும் அதே மூன்றும் கிடைக்கும் வரை, நெல்லுக்கும் கோதுமைக்கும் இடைப்பட்ட அந்த இருபது நாள்களுக்கான விலையை விவசாயி அபராதமாகவும் தில்லிவாசி மூச்சுத்திணறலாகவும் செலுத்திக்கொண்டே இருப்பர்.