செல்லோவுக்குள் ஓர் ஓநாய்

பால்மரங்கள் செம்பனையாகி, செம்பனைகளும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட ரவாங்கில் என் அக்கா மகள் செல்லோ பழகுகிறாள். அவளுக்கு ரோன் கார்ட்டரின் ‘வேர்?’ தொகுப்பைப் போட்டுக் காட்டியது நான்தான். மரத்து வேர் இல்லை; ‘எங்கே?’ எனும் ஆங்கில வேர். 1961இல் பதிவான ஜாஸ், பாட்டில்லாத வாத்திய இசை. டபுள் பாஸ்காரரான கார்ட்டர் தம் பெயரில் செய்த முதல் தொகுப்பு இது. அதில் சில உருப்படிகளுக்கு பாஸை ஜார்ஜ் டுவிவியரிடம் விட்டுவிட்டு, சிறுவயதில் கற்ற செல்லோவைக் கையிலெடுத்தார்.

கூடவே வாசிக்கப் பார்த்தவள், ஜி தந்தியில் மேலே ஏறி எஃப் சுரத்தில் வில்லை இழுத்ததும் செல்லோ ஊளையிட்டது.

“மாமா, உடைஞ்சிருச்சா?”

உடையவில்லை. வாத்தியக்காரர்கள் இதை ஓநாய்ச் சுரம் என்பார்கள். முதல்தரச் செல்லோக்களிலும் இது உண்டு.

ரோசின் தடவிய குதிரைவால் மயிர் தந்தியைப் பற்றி இழுக்கும், தந்தி நழுவும், மறுபடி பற்றும். ஏ தந்தியில் இது நொடிக்கு 220 தடவை. செல்லோவின் மரப்பெட்டிக்கும் தனக்குப் பிடித்த ஓர் அதிர்வு இருக்கிறது, பெரும்பாலும் எஃப் பக்கம், நொடிக்கு 175 வாக்கில். தந்தி அந்த இடத்தைத் தொட்டதும் பெட்டி பலமாக ஆடி, தந்தியின் சக்தியை உறிஞ்சிவிடும். வில்லின் அழுத்தம் போதாமல் தந்தி மேல் ஸ்தாயிக்குத் தாவும். பெட்டி அடங்கும். தந்தி பழைய சுரத்துக்குத் திரும்பும், பெட்டி மீண்டும் விழித்துக்கொள்ளும். நொடிக்குப் பல தடவை நடக்கும் இந்த இழுபறிதான் ஊளை.

வயலினைவிடச் செல்லோவில் இந்தத் தொல்லை அதிகம். சுருதி மூன்றில் ஒரு பங்காக இறங்க, உடலோ ஏறத்தாழ இரண்டு மடங்குதான் வளர்ந்திருக்கிறது. சிறிய உடலிலிருந்து தாழ்ந்த ஒலியைக் கறக்க, பலகையை இளக்கமாகச் செய்து, தந்திகளைத் தாங்கும் பாலத்தை உயர்த்தினார்கள். அதற்குக் கொடுக்கும் விலை இது.

தந்தி தாவுவதையும் திரும்புவதையும் விளக்கியவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். அப்போது அவர் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு ஆய்வகத்தில் இருப்பார். தந்தியின் அசைவையும் பெட்டியின் அசைவையும் ஒரே நேரத்தில் படம்பிடித்து ஒப்பிட்டு, 1916இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ராமன் என்றால் ஒளிச்சிதறல் மட்டுமே நினைவில் வைத்திருப்பது நம் பாடநூல்களின் கஞ்சத்தனம்.

“விரலால மீட்டிப் பாரு” என்றேன். அதே எஃப், ‘டொக்’கென்று சீக்கிரமே செத்தது. பெட்டி சக்தியைக் குடித்துவிட்டது. ஆனால் ஊட்டிக்கொண்டே இருக்க வில் இல்லாததால் ஊளையும் இல்லை. 1949இல் பேஸ்பால் ஆடிக் கையை முறித்துக்கொண்டு செல்லோவுக்கு வந்த பாஸ்காரர் ஆஸ்கர் பெட்டிஃபோர்டும் விரலால்தான் மீட்டினார். ஓநாய்க்குப் பயந்தல்ல, பாஸ் கை அப்படி.

முழங்காலால் பெட்டியை இறுக்கச் சொன்னேன், ஊளை பாதியானது. பிறகு, பாலத்துக்குக் கீழே தந்தியில் மாட்டும் சிறு பித்தளைக் குழாயை வாங்கி வந்தோம். உள்ளே ரப்பர் உறை, ஒரு திருகு. அந்தத் துண்டுத் தந்தியும் ஓநாயின் சுருதியிலேயே அதிர்ந்தால் பெட்டியின் ஆட்டத்தை அடக்கும்.

அவள் குழாயை அரிசியளவு நகர்த்தினாள், வாசித்தாள். இன்னும் அரிசியளவு. கூடத்திலிருந்து அம்மா வந்து ரப்பர் உறையை விரலால் அமுக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய கை.

“இத்துணூண்டு ரப்பருக்கா?” என்றார்.