கீமோ நடக்கும் பிள்ளைக்கு ஊர் செய்ய வேண்டியது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புகிறோம். நோய் அடங்கி, பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் சிலர் சிகிச்சைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். சில மாதங்களில் நோய் திரும்பிய நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்க மனம் தாங்கவில்லை.

பாதியில் ஏன் நிற்கிறது?

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு 2 முதல் 3 ஆண்டு சிகிச்சை வேண்டும். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். மற்ற நாடுகளில் அந்த எண்ணிக்கை சரிவதற்குச் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் முக்கியக் காரணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தாங்கும். கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா இழக்கும் கூலி, வெளியூரில் அறை வாடகை, பாட்டியிடம் விட்டுவந்த இளைய பிள்ளையின் அழுகை, இவற்றுக்கு அட்டை கிடையாது.

"சொன்னாங்க, கொடுத்தோம்"

அக்கறையோடு வருகிறவர்களே கெடுதல் செய்துவிடுகிறார்கள். கால் வலி என்று அழும் பிள்ளைக்கு மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். வலியும் காய்ச்சலும் அப்போதைக்கு அடங்கும். ஸ்டீராய்டு இந்த நோய்க்கான மருந்துகளில் ஒன்று. அரைகுறையாக உள்ளே போனால் நோயை மறைத்து, கண்டுபிடிப்பதையே சிக்கலாக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்காதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! வெளிறிய முகம், விடாத காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை.

ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) கூடும் என்று பப்பாளி இலைச் சாறு புகட்டுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்த பிள்ளைக்குப் பச்சைச் சாறு கிருமியைத்தான் கொண்டுபோகும். வயிறு வீங்கினால் சூடு போடுகிறார்கள். புண் சீழ் பிடித்தால் கீமோ தள்ளிப்போகும். கீமோதான் ஆளைக் கொல்கிறது என்கிறார்கள். கொல்வது விட்டுப்போன கீமோ. இந்த நோய் ஒட்டாது. அந்த வீட்டுப் பிள்ளையை ஒதுக்காதீர்கள். சளி, காய்ச்சல், அம்மை உள்ளவர்கள் மட்டும் அண்டாமல் இருந்தால் போதும்.

தொண்டர்கள் எங்கே வேண்டும்?

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் பாடுபட்டு உருவாக்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954-ல் இந்திய மாதர் சங்கத்தின் தொண்டாக அது தொடங்கியது. 2004-ல் பிறந்த கேன்கிட்ஸ் போன்ற அமைப்புகளும் புற்றுநோய் மருத்துவமனைகளில் குடும்பங்களுக்குத் துணை நிற்கின்றன. ஊர் திரும்பிய பிறகு அந்தக் குடும்பத்துக்கு நீங்கள்தான்.

பழமும் பிஸ்கட்டும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவது வேண்டாம். அடுத்த கீமோ தேதியைக் குறித்துவைத்து முந்தின நாளே கிளப்பிவிட ஒருவர், இளைய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவர், அப்பாவுக்குப் பதிலாக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் தங்க ஒருவர் வேண்டும். தட்டணுவைச் சுமார் 5 நாளுக்கு மேல் சேமித்துவைக்க முடியாது. அதனால் கூப்பிட்டதும் வரக்கூடிய கொடையாளர்கள் தேவை. இதெல்லாம் ஒரு மாத வேலை இல்லை. சிகிச்சை முடியும்வரை கூடவே நில்லுங்கள்.

காய்ச்சல் வந்த இரவு

கீமோ நடக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். விடிவதற்குள் கிருமி ரத்தத்தில் பரவி உயிரே போகலாம். கீமோ நோட்டை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். ஆன்டிபயாடிக் முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு மதுரைக்குப் போகலாம். தெருவில் கார் வைத்திருப்பவர்களே, உங்கள் போன் நம்பரை அந்த அம்மாவிடம் இன்றே எழுதிக் கொடுங்கள். நடுராத்திரி ஆனாலும் கூப்பிடச் சொல்லுங்கள்.