பித்தரும் நீதிமன்றும்

குற்றம் என்பது கை செய்த செயல் மட்டுமன்று. அச்செயலைத் தூண்டிய மனமும் சேர்ந்தே குற்றமாகின்றது என்பது ஆங்கிலக் குற்றவியற் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. மரத்திலிருந்து கைதவறி வீழ்ந்தவன் கீழே நின்றவன்மேல் விழ, நின்றவன் இறக்க நேரிடின், விழுந்தவனைக் கொலைகாரன் என்று எவரும் கூறார். இஃது எளிதில் விளங்குவது. ஆயின், கையுந் தவறாது, குறியுந் தவறாது, நாட்பட எண்ணித் துணிந்து ஒருவனைச் சுட்டவனை யாதென்பது? அவ்வெண்ணமே பித்தின் விளைவாய்த் தோன்றியதெனின் அவன் கொலைகாரனா, நோயாளனா? இவ்வினாவிற்கு விடை காண ஆங்கில நீதிமன்றுகள் நெடுங்காலம் இடர்ப்பட்டன. அவ்விடர்ப்பாட்டின் பயனாய் எழுந்த விதியின் சாயலே இன்றும் இலங்கைச் சட்டத்தில் நின்று நிலவுகின்றது.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மத்தியூ ஹேல் என்னும் நீதியரசர், பித்தை முழுப்பித்து என்றும் குறைப்பித்து என்றும் வகுத்தார். மனத்துயரால் அறிவு மங்கிய ஒருவனுக்குப் பதினான்கு வயதுச் சிறுவனுக்குள்ள அளவு விளக்கம் எஞ்சியிருப்பின் அவன் தன் செயலுக்குப் பொறுப்பாளியே என்பது அவர் கொண்ட அளவுகோல். அவர் நூல் அவர் இறந்து அறுபதாண்டு கழித்து 1736ஆம் ஆண்டிலே அச்சேறியது. எனினும் நூறாண்டுக்கு மேலாக அதுவே பிரமாணமாகக் கொள்ளப்பட்டது. இத்துணை நுணுக்கமாக மனத்தை அளக்க முயன்ற அவரே, 1662ஆம் ஆண்டிற் சூனியக்காரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு முதிய மாதரைத் தூக்குக்கு அனுப்பியவர் என்பதும் மறத்தற்குரியதன்று. அறிவுடையோரும் தம் காலத்துக்கு உட்பட்டவரே.

ஹேல் வகுத்த அளவுகோலைப் பின்வந்தோர் மேலும் கடுமையாக்கினர். 1724ஆம் ஆண்டில் ஒன்ஸ்லோ பிரபுவைச் சுட்டுக் காயப்படுத்திய எட்வேட் ஆணல்ட் என்பவனது வழக்கில், நீதியரசர் டிறேசி, குற்றவாளி விடுதலை பெற வேண்டுமாயின் காட்டு விலங்கினும் கூடிய அறிவு அவனிடம் இருத்தலாகாது என யூரிமாருக்கு எடுத்துரைத்தார். ஊரார் பலர் அவனைப் பித்தன் என்றே சான்று கூறியும் அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. காயமுற்ற பிரபுவே இரங்கி வேண்டியதனால் உயிர் தப்பி, சிறையில் ஆயுளைக் கழித்தான்.

1760ஆம் ஆண்டின் பெறேர்ஸ் பிரபு வழக்கு இதனினும் விந்தையானது. தம் காரியத்தரைச் சுட்டுக் கொன்ற இப்பிரபு, பிரபுக்கள் சபையார் முன் விசாரிக்கப்பட்டார். அக்காலச் சட்டம், கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டவருக்காக நியாயதுரந்தரர் எழுந்து வழக்கின் உண்மைகளை எடுத்து வாதிக்க இடங்கொடுக்கவில்லை. ஆகவே, தாம் பித்தர் என்பதைத் தாமே சாட்சிகளை வினவி நிறுவ வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. ஒழுங்காக வினவினால் அறிவுடையவர் என்பர். ஒழுங்கின்றி வினவினால் வழக்குத் தோற்கும். அவர் ஒழுங்காகவே வினவினார். குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, அவ்வாண்டு மே மாதம் தைபேண் என்னுமிடத்தில் தூக்கிலிடப்பட்டார்.

இந்நிலையை முதன்முதல் அசைத்தது 1800ஆம் ஆண்டின் ஹாட்பீல்ட் வழக்கு. ஜேம்ஸ் ஹாட்பீல்ட் ஒரு பழைய போர்வீரன். 1794ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரருடன் நடந்த போரில் அவன் தலையிலே கொடிய வாள்வெட்டுக்கள் பட்டன; அன்று தொட்டு அவன் மனம் பேதலித்தது. தான் உயிர்விட்டால் உலகம் உய்யும் என்றும், ஆயின் தன்னைத் தானே மாய்த்துக் கொள்ளல் பாவம் என்றும் அவன் நம்பினான். ஆதலின், அரசாங்கமே தன்னைக் கொல்லும்படி செய்தல் வேண்டும் எனத் துணிந்து, மே மாதம் 15ஆந் திகதி இலண்டன் டிறூறி லேன் நாடகசாலையில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை நோக்கிச் சுட்டான். குண்டு மன்னர்மேற் படவில்லை.

இராசத்துரோகம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் நியாயதுரந்தரர் வாதாடும் உரிமை 1696ஆம் ஆண்டு முதலே நடைமுறையில் இருந்தது. அதனால், ஒரு சாதாரண மனிதனைச் சுட்டிருந்தாற் கிடைக்காத பேறு, மன்னரைச் சுட்டமையால் ஹாட்பீல்டுக்குக் கிடைத்தது. அவனுக்காகத் தோன்றியவர் தோமஸ் ஏர்ஸ்கின். பித்தன் என்றால் தன் பெயரும் அறியாது பிதற்றுபவன் என்று எண்ணுதல் தவறு. அத்தகையோர் உலகில் மிகச் சிலரே. பெரும்பாலான பித்தர் நுணுக்கமாகச் சிந்திப்பர், திட்டமிடுவர், பிறருடன் ஒழுங்காக உரையாடுவர். ஆயின் அவர்தம் சிந்தனை முழுதும் ஒரு பொய்த்தோற்றத்தின்மேல் எழுப்பிய மாளிகையாய் இருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். காயத்தின் கொடுமையைக் காண விரும்பின், மூளையை மூடிய சவ்வையே கண்ணாற் காணலாம் என யூரிமாருக்குச் சொன்னார்.

ஏர்ஸ்கின் வாதத்தின் வலிமை ஓரிடத்தில் தங்கியுள்ளது. மன்னரைச் சுடுதல் மரணதண்டனைக்குரிய குற்றம் என்பதை ஹாட்பீல்ட் அறியாதவனா? நன்கு அறிந்தவன், அறிந்திருந்தமையாலேயே அதனைச் செய்தான். தூக்குமரமே அவன் நாடிய பேறு. ஆகவே, சட்டத்துக்கு மாறானது என்று அறிந்தானா என்னும் வினாவைக் கொண்டு இவனை அளக்கப் புகின், இங்கிலாந்திலே இவனினும் தெளிந்த குற்றவாளி ஒருவனும் இரான். கண்கூடாகப் பித்தனாகிய ஒருவனை இவ்வளவுகோல் முழுப் பொறுப்பாளி ஆக்கிவிடும். தலைமை வகித்த கென்யன் பிரபு விசாரணையை இடையிலே நிறுத்த, யூரிமார் பித்தின் வயப்பட்டிருந்தமையாற் குற்றவாளியல்லன் எனத் தீர்த்தனர். இம்மன்னரே பன்னிரண்டாண்டுகளுக்கு முன்னர் மனநோயுற்று அரசு செலுத்தவியலாதிருந்தவர் என்பதை அவையோர் அறியாதிருக்க மாட்டார்.

தீர்ப்புக் கிடைத்ததும் வேறொரு சிக்கல் எழுந்தது. குற்றவாளியல்லன் என்றால் வீட்டுக்கு அனுப்புவதா? பாராளுமன்றம் விரைந்து ஒரு சட்டம் இயற்றி, இவ்வாறு தீர்க்கப்பட்டோரை மன்னரின் விருப்பம் வெளிப்படுங்காறும் காவலில் வைத்தற்கு வழி செய்தது. முன்னரே தீர்ப்புப் பெற்ற ஹாட்பீல்டையும் அது பற்றிக் கொண்டது.

ஏர்ஸ்கின் ஏற்றிய விளக்கு உடனே சுடர்விட்டது எனல் இயலாது. 1812ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி ஜோன் பெலிங்ஹாம் என்பவன் பிரதம மந்திரி ஸ்பென்சர் பேர்சிவலைப் பாராளுமன்ற முன்கூடத்திற் சுட்டுக் கொன்றான். அவன் சித்தநிலை பற்றிச் சான்று கூறத் தக்கோரைத் தொலைவிலிருந்து அழைப்பிக்கத் தவணை கேட்கப்பட்டது, மறுக்கப்பட்டது. கொலை நிகழ்ந்தது திங்கட்கிழமை, விசாரணை வெள்ளிக்கிழமை, அடுத்த திங்களன்று அவன் தூக்கிலே தொங்கினான். ஏழு நாளில் முடிந்த இவ்விசாரணையை நீதி என்பதினும் சினம் என்பதே பொருந்தும்.

1843ஆம் ஆண்டு சனவரி 20ஆந் திகதி நிகழ்ந்ததே சட்டநூல்களில் நிலைபெற்ற வழக்கு. கிளாஸ்கோ நகரிலே மரங்கடையும் தொழில் செய்து சிக்கனமாய் வாழ்ந்தவன் டானியேல் மக்நோட்டன். (இப்பெயரை எழுதும் முறையில் ஆங்கிலேயரே இன்றுவரை ஒருமைப்பட்டிலர்.) ஆளுங்கட்சியாகிய தோரிக் கட்சியினர் தன்னை ஊரூராய்த் துரத்துகின்றனர், உறங்கவும் விடுகின்றிலர் என அவன் நம்பினான். தந்தையிடம் முறையிட்டான்; நகர அதிகாரிகளிடமும் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமும் முறையிட்டான். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஈற்றில் இலண்டன் சென்று, சேரிங் குறொஸ் அருகே, பிரதம மந்திரி சேர் றொபேட் பீலின் அந்தரங்கச் செயலாளர் எட்வேட் டிறமண்டைப் பின்புறமாகச் சுட்டான். அவரைப் பீல் என்றே கருதினான் என்பது பொதுவான கொள்கை. டிறமண்ட் ஐந்து நாளில் இறந்தார்.

பிடிபட்டபோது அவனிடம் 750 பவுணுக்கு வங்கிப் பற்றுச்சீட்டு இருந்தது. அப்பணங்கொண்டே அவன் தனக்காக வாதாடவும் சான்று கூறவும் தேர்ந்தவர்களைப் பெற முடிந்தது. நியாயதுரந்தரர் கோபேண், ஐசாக் றே என்னும் அமெரிக்க மருத்துவர் 1838ஆம் ஆண்டில் எழுதிய நூலை எடுத்துக்காட்டி வாதாடினார். மருத்துவர் ஒன்பதின்மர் அவனைப் பித்தன் என்றனர். அரசுதரப்பார் மறுத்துரைக்க ஒரு மருத்துவரையேனும் அழைக்கவில்லை. பிரதம நீதியரசர் ரின்டல் விசாரணையை நிறுத்தினார். யூரிமாரும் விடுதலைத் தீர்ப்பே அளித்தனர்.

நாடு கொதித்தெழுந்தது. விக்ரோறியா மகாராணியார் பெரிதும் வெகுண்டார். மூன்றாண்டுகளுக்கு முன் தம்மைச் சுட்ட எட்வேட் ஒக்ஸ்போட் என்னும் பதினெட்டு வயது இளைஞனும் இவ்வாறே தப்பியமையை அவர் மறந்திலர். பிரபுக்கள் சபை நீதியரசர்களை அழைத்து ஐந்து வினாக்களை விடுத்தது. அவ்வாண்டு யூன் மாதம் அவர்கள் அளித்த விடைகளே மக்நோட்டன் விதிகள் எனப்படுவன. ஒவ்வொருவரும் சித்தசுவாதீனம் உடையவர் என்றே முதலிற் கொள்ளப்படுவர். அஃதின்மையை நிறுவும் பாரம் குற்றஞ் சாட்டப்பட்டவரையே சாரும். மனநோயால் அறிவு பழுதுற்று, தான் செய்யும் செயலின் தன்மையை அறியாதிருந்தான், அல்லது அதனை அறிந்தும் அது தவறு என அறியாதிருந்தான் என நிறுவினால் மட்டுமே விடுதலை.

பொய்த்தோற்றத்துக்கு ஆட்பட்டவன் பற்றிய விடை இன்னும் நோக்கற்பாலது. அவன் கற்பித்துக்கொண்ட நிலைமை மெய்யாயின் அவன் செயல் எவ்வாறு கருதப்படுமோ அவ்வாறே கருதப்படும் என்றனர். தன்னை ஒருவன் கொல்ல வருகின்றான் என மருண்டு கொன்றவன் தப்புவான். தன் பெயரையும் பொருளையும் ஒருவன் கெடுத்தான் என மருண்டு பழிவாங்கியவன் தப்பான். அஃதாவது, பித்தன் தன் பித்தினுள்ளே நின்று சட்டத்தை வழுவாது கடைப்பிடித்தல் வேண்டும் என்பதாயிற்று. தன்னைத் துரத்துவோரைப் பின்னாலிருந்து சுடுதற்கு எந்தச் சட்டமும் இடங்கொடாது. ஆகவே மக்நோட்டனை மக்நோட்டன் விதிகளைக் கொண்டு விசாரித்திருப்பின் அவன் தூக்குக்கே சென்றிருத்தல் கூடும். ஹாட்பீல்ட் தப்புதற்கு அவற்றுள் வழியே இல்லை. ஏர்ஸ்கின் நாற்பத்து மூன்றாண்டுகளுக்கு முன் உடைத்த அளவுகோலையே நீதியரசர்கள் மீண்டும் ஒட்டவைத்தனர். மோல் என்னும் நீதியரசர் ஒருவர் மட்டும், கண்முன் வழக்கொன்று இன்றி, இருதரப்பு வாதமுங் கேளாது பொதுப்பட விடை கூறுதல் இடர் விளைக்கும் எனத் தயங்கித் தனித்து விடையளித்தார். அவர் தயக்கம் நேரியதே.

இந்தியாவுக்குக் குற்றச் சட்டம் வகுத்த மெக்காலே, 1837ஆம் ஆண்டின் வரைவில், பித்தின் காரணமாக ஒருவன் செய்தது குற்றமன்று என எளிமையாகவே எழுதியிருந்தார். அது சட்டமாவதற்கு முன்னர் மக்நோட்டன் விதிகள் எழுந்துவிட்டன. 1860ஆம் ஆண்டில் நிறைவேறிய கோவையின் 84ஆம் பிரிவு அவ்விதிகளையே தழுவியது. அதனைப் பின்பற்றி 1883ஆம் ஆண்டில் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு அமைந்தது. சித்தசுவாதீனமின்மையால், செயலின் தன்மையையோ, தான் செய்வது தவறானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய வல்லனல்லாதவன் செய்தது குற்றமன்று என்பது அதன் கருத்து. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் நிறுவும் பாரத்தை எதிரிமேலே சுமத்தியது. இந்தியாவிலே பழைய கோவை நீங்கி, 2024ஆம் ஆண்டு யூலை முதற் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், 22ஆம் பிரிவாக அக்கருத்தே மாறாது நிற்கின்றது. மூன்றிடத்திலும் வினா அறிவைப் பற்றியதே. அறிந்தும் தன்னை அடக்கவியலாதவனை, அல்லது ஹாட்பீல்டைப் போல அறிந்தமையாலேயே செய்தவனை, இச்சொற்கள் நேரே தொடுவனவல்ல. நீதிமன்றுகள் கருணையோடு பொருள் விரித்தாலன்றி அவர்க்குப் புகலிடம் அரிது.

தாய்நாடாகிய இங்கிலாந்தும் இவ்விதிகளை இன்னும் கைவிடவில்லை. சுற்றிச் செல்ல வழி தேடியது. 1882ஆம் ஆண்டில் றொடெரிக் மக்லீன் என்பவன் மகாராணியாரைச் சுட்டு, பித்தன் என விடுதலை பெற்றபோது, சுட்டவனைக் குற்றவாளியல்லன் என்பது யாங்ஙனம் என அவர் வினவ, மறு ஆண்டே தீர்ப்பின் வாசகம் குற்றவாளி, ஆயின் பித்தன் என மாற்றப்பட்டது. முன்னுக்குப்பின் முரணான இச்சொற்றொடர் 1964ஆம் ஆண்டுவரை நிலைத்தது. 1957ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்து நீதிமன்றுகள் முன்பே கண்ட குறைந்த பொறுப்பு என்னும் கொள்கை இங்கிலாந்திலும் சட்டமாயிற்று. மனக்குறைபாடு பொறுப்பைக் கணிசமாகக் குறைத்திருப்பின் கொலை என்னாது அதனிற் சிறிய குற்றமாகக் கொள்ளலாயிற்று. அதன்பின் பித்து என்னும் எதிர்வாதத்தை எடுப்போர் அருகினர். அதற்குக் காரணம் தெளிவு: அவ்வாதத்தில் வென்றவன் காலவரையின்றி அடைபடுவான். 1991ஆம் ஆண்டுச் சட்டமே நீதியரசர்களுக்கு வேறு வழிகளையும் திறந்துவிட்டது.

விடுதலை பெற்றோர் அடைந்த கதியும் ஈண்டு அறியத்தக்கது. ஹாட்பீல்ட் ஒருமுறை தப்பியோடிப் பிடிபட்டு, பெத்லெம் மனநோய் மருத்துவமனையிலே 1841ஆம் ஆண்டு மாண்டான். தீர்ப்புக்குப் பின் நாற்பத்தோராண்டு அவனுக்குக் காவலே. மக்நோட்டன் அம்மருத்துவமனையில் இருபதாண்டுக்கு மேல் கிடந்து, 1864ஆம் ஆண்டிற் புதிதாக எழுந்த புறோட்மூர் மனைக்கு மாற்றப்பட்டு, மறு ஆண்டு இறந்தான். ஒக்ஸ்போட்டின் கதை வேறு. பெத்லெமில் அவன் பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலிய மொழிகளைக் கற்றான். வீடுகளுக்கு வர்ணந் தீட்டும் தொழிலிலுந் தேர்ச்சி பெற்றான். அவனிடம் பித்தின் சாயலைக் காணவில்லை என மருத்துவர் கூறியும் இருபத்தேழாண்டு கழித்தே, 1867ஆம் ஆண்டில், இங்கிலாந்துக்கு மீளலாகாது என்னும் நிபந்தனையோடு அவனை விடுவித்தனர். அவன் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குக் கப்பலேறி, ஜோன் பிறீமன் எனப் பெயர் மாற்றி, மணம் புரிந்து, அந்நகர வாழ்க்கை பற்றி 1888ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதி வெளியிட்டு, 1900ஆம் ஆண்டிலே காலமானான்.